மூன்றாம் மாதத்துப் பால்

மைசூர்
12 ஜூலை 1994

அன்புள்ள வாரிஜா அத்திகேக்கு,

உங்கள் நாத்தனார் பிரமீளாவின் நமஸ்காரம். விடுதியில் நான் சௌக்கியம், மழையில் துணி காயாதது ஒன்றுதான் குறை. அம்மாவும் அண்ணாவும் நீங்களும் எப்படி இருக்கிறீர்கள்?

ஒரு பெரிய உபகாரம் கேட்டு எழுதுகிறேன். என் சத்துணவுப் படிப்பின் கடைசி வருடத்துக்கு ஒரு குடும்பத்தின் சாப்பாட்டை மாதம் ஒரு வாரம் வீதம் நான்கு மாதம் எடை போட்டு எழுத வேண்டும். வகுப்பில் எல்லோரும் மைசூரிலேயே ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நான் நம் கல்யாண்புர வீட்டைச் சொன்னேன். எங்கள் பேராசிரியை சரோஜினி மேடம், "நாலு மாசமும் அதே சாறு, அதே காய்ப் பல்யம்தானேம்மா, அதுல என்னத்தப் படிக்கப் போற?" என்றார். நம் சாதுர்மாஸ்யத்தைச் சொன்னேன். முதல் மாதம் காய்கறி கிடையாது, இரண்டாம் மாதம் தயிர் கிடையாது, மூன்றாம் மாதம் பால் கிடையாது, நான்காம் மாதம் பருப்பு கிடையாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத ஏன் முதல்லயே சொல்லல? எழுது, எழுது."

கல்லூரித் தராசு ஒன்றை அண்ணாவின் சிநேகிதரிடம் கொடுத்தனுப்புகிறேன். பச்சையாக எவ்வளவு, வெந்த பின் எவ்வளவு, யார் இலையில் எவ்வளவு என்று எழுதினால் போதும். உங்கள் சமையலறைக் கணக்கு நோட்டைப் பார்த்தவள் நான், உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. அம்மாவுக்கு மே மாதத்தில் சர்க்கரை என்று மாத்திரை கொடுத்தார்கள் அல்லவா? வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்த்து அந்த மாத்திரை வேலை செய்யாது. வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வியர்வை, நடுக்கம், மயக்கம், சில சமயம் அதற்கு மேலும். எனக்கு ஏகாதசியை நினைத்தால்தான் பயம். கிளம்பும்போது, மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். "ஏகாதசிக்கும் கொஞ்சம் ஆகாரம் எடுத்துக்கோம்மா" என்றதற்குத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் ஆமாவா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை.

அதனால் எடை போடும் வாரத்தில் ஏகாதசி விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். இது பாதி படிப்புக்காக, பாதி என் பயத்துக்காக.

அண்ணாவுக்கு என் அன்பு.
பிரமீளா

---

ஸ்ரீகிருஷ்ணார்ப்பணம்

கல்யாண்புர
25 ஜூலை 1994

சிரஞ்சீவி பிரமீளாவுக்கு,

வாரிஜாவின் ஆசீர்வாதம். இங்கே மூவரும் கிருஷ்ணன் புண்ணியத்தில் நலம். நீ ஈரத்துணியைக் கட்டிக்கொள்ளாதே.

தராசு வந்தது. அம்மா அதற்கு ஒரு குளியல் போட்டு, குங்குமம் வைத்து உள்ளே விட்டார். மடி உடுத்திச் சமைக்கும்போது பேனாவையும் காகிதத்தையும் தொட முடியாதே என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு வழி கிடைத்தது. தராசு காட்டுவதை அரிசி மாவால் தரையில் கோடு போட்டுவிடுகிறேன், சாப்பாடு முடிந்து மடி மாற்றியதும் பார்த்து எழுதுகிறேன். முந்தாநாள் உன் அண்ணா அதைக் கோலம் என்று நினைத்து, "இன்னிக்கு என்ன பண்டிகை?" என்று கேட்டார். "முந்நூற்றிருபது கிராம் அரிசி பண்டிகை" என்றேன்.

காய்கறி இல்லாத மாதம் தொடங்கிவிட்டது. மிளகு, சீரகம், உலர்ந்த மாங்காய், பயறு. அம்மா இலையில் உட்கார்ந்ததும், "என் வயித்தத் தராசுல ஏத்தி மைசூருக்கு அனுப்பறாளாம் என் பொண்ணு" என்று சிரித்தார். கோபம் இல்லை.

ஒரு சந்தேகம். வெந்த சோறு பச்சரிசியை விட மூன்று பங்கு எடை காட்டுகிறது. தண்ணீரைத்தானே தின்கிறோம்? அதற்கும் உன் புத்தகத்தில் சத்து போட்டிருக்கிறதா? ஏழாம் வகுப்போடு நின்றவள் கேட்கிறேன், சிரிக்காமல் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வாரிஜா

வாசித்தேன். நன்றாகப் படி. – அம்மா

---

ஸ்ரீகிருஷ்ணார்ப்பணம்

கல்யாண்புர
6 ஆகஸ்ட் 1994

சிரஞ்சீவி பிரமீளாவுக்கு ஆசீர்வாதம்.

எல்லோரும் சுகம். முதல் வாரக் கணக்கு இத்துடன் இருக்கிறது. நீ முதலில் தேடப் போகும் வரியை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

"3 ஆகஸ்ட், ஏகாதசி. அம்மா: பால் 200 மில்லி, கோதுமை ரவை 40 கிராம், மாத்திரை ஒன்று."

அம்மா சாப்பிட்டார், பிரமீளா. நான் பக்கத்திலேயே நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பது போலக் குடித்தார். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை என்றார். அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டு ருக்மிணியம்மா வந்துவிட்டாள். "என்ன பாகீரதி, ஏகாதசியும் அதுவுமா உங்க வீட்ல ரவை வாசனை வருது? வாரிஜாவுக்கு ஏதாவது விசேஷமா?" என்றாள். எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இனி என்ன விசேஷம்? அவள் நாக்கு அப்படி. அன்று முழுவதும் அம்மா பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை.

எப்படியோ உனக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார். நீ நிம்மதியாக இரு.

வாரிஜா

வாசித்தேன். – அம்மா

---

மைசூர்
14 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அத்திகேக்கு நமஸ்காரம்.

நான் நலம். அந்த வரியை மூன்று முறை படித்தேன், பிறகு வெளியே போய் மசாலா தோசை தின்றேன்.

உங்கள் கணக்கை மேடம் வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க, உப்பைக்கூட எடை போட்டிருக்காங்க. நீங்கள்லாம் 'உப்பு: தேவையான அளவு'ன்னு எழுதிட்டு வர்றீங்க." எனக்கு அவ்வளவு பெருமை! உங்கள் சந்தேகமும் சரிதான். தண்ணீருக்குச் சத்து கிடையாது, அதனால்தான் பச்சை எடையைக் கேட்கிறோம்.

ருக்மிணியம்மாவுக்கு நான் வந்து பதில் சொல்கிறேன். அம்மாவிடம் அவர் செய்தது பாவமில்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னால், நாலு புத்தகம் படித்துவிட்டுப் பேசுகிறேன் என்பார்.

பிரமீளா

---

ஸ்ரீகிருஷ்ணார்ப்பணம்

கல்யாண்புர
5 செப்டம்பர் 1994

சிரஞ்சீவி பிரமீளாவுக்கு ஆசீர்வாதம்.

இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. இரண்டாம் மாதக் கணக்கு இத்துடன் வருகிறது. தயிர் இல்லாத மாதம்.

"1 செப்டம்பர், ஏகாதசி. அம்மா: பால் 200 மில்லி, கோதுமை ரவை 40 கிராம், மாத்திரை ஒன்று."

வேறு விசேஷம் இல்லை. கிருஷ்ணாஷ்டமிக்கு உருண்டைகள் பிடித்தேன், எடை தனித்தாளில் இருக்கிறது.

வாரிஜா

வாசித்தேன். சரியாக இருக்கிறது. – அம்மா

---

மைசூர்
13 செப்டம்பர் 1994

அன்புள்ள அத்திகேக்கு நமஸ்காரம்.

கணக்கு வந்தது. கடிதம்தான் வரவில்லை. "வேறு விசேஷம் இல்லை" என்று நீங்கள் எழுதி நான் பார்த்ததே இல்லை. பூனை குட்டி போட்டால்கூட ஒரு பக்கம் எழுதுவீர்களே. உடம்பு சரியில்லையா? என் மேல் வருத்தமா?

நம் தெருவில் போன் உள்ள காமத் வீட்டுக்குப் பேசி உங்களைக் கூப்பிடச் சொன்னேன், அம்மாதான் வந்தார். "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். போன்ல காசு ஓடுது, வை" என்றார். குரல் தளர்ந்திருந்தது போல எனக்குத் தோன்றியது. ஒரு வேளை போன் அப்படியோ என்னவோ.

இரண்டு வரியாவது உங்கள் வரியாக எழுதுங்கள்.

பிரமீளா

---

ஸ்ரீகிருஷ்ணார்ப்பணம்

கல்யாண்புர
20 செப்டம்பர் 1994

சிரஞ்சீவி பிரமீளாவுக்கு ஆசீர்வாதம்.

நாங்கள் சுகம். எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை.

பால் இல்லாத மாதம் தொடங்கிவிட்டது. பால்காரரை அடுத்த மாதம் வரச் சொல்லி நிறுத்திவிட்டோம். காலையில் வெல்லம் போட்ட கஷாயம்தான். தயிர் காமத் வீட்டிலிருந்து வருகிறது.

பூஜை அறை வாசலில் கோணி விரித்திருக்கிறேன், மழையில் தரை வழுக்குகிறது. அம்மாவின் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றியிருக்கிறோம், காற்று வருகிறது. நான் காலையில் துளசிக்கு இருபத்தோரு சுற்று சுற்றுகிறேன். எதற்காக என்று கேட்காதே, பிரார்த்தனையை வெளியே சொல்லக் கூடாது.

உன் படிப்பு நல்லபடி முடியட்டும்.

வாரிஜா

வாசித்தேன். இவளுக்கு வேலை அதிகம், நீளமாக எழுதச் சொல்லித் தொந்தரவு செய்யாதே. – அம்மா

---

ஸ்ரீகிருஷ்ணார்ப்பணம்

கல்யாண்புர
3 அக்டோபர் 1994

சிரஞ்சீவி பிரமீளாவுக்கு ஆசீர்வாதம்.

சுகம். மூன்றாம் மாதக் கணக்கு.

"1 அக்டோபர், ஏகாதசி. அம்மா: பால் 200 மில்லி, கோதுமை ரவை 40 கிராம், மாத்திரை ஒன்று."

ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் பார்.

வாரிஜா

வாசித்தேன். – அம்மா

---

மைசூர்
7 அக்டோபர் 1994

அன்புள்ள அத்திகேக்கு நமஸ்காரம்.

நலம். உங்கள் கணக்கில் முதல் முறையாக ஒரு தப்பு கண்டுபிடித்திருக்கிறேன், எனக்கு இனிப்பு வாங்கித் தர வேண்டும்!

நேற்று வீட்டு மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பால் பத்தியில் ஏழு நாளும் சைபர், இருக்க வேண்டியதும் அதுதான். ஆனால் ஏகாதசியில் அம்மாவின் வரியில் மட்டும் இருநூறு மில்லி. மேடம் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வீட்டுல சொட்டுப் பால் இல்ல, உங்க அம்மா மட்டும் எங்க போய்க் குடிச்சாங்க? அடுத்த வீட்டுக் கன்னுக்குட்டி கூடவா?" போன மாத வரியை அப்படியே பார்த்து எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது. அன்றைக்கு அம்மா உண்மையில் என்ன சாப்பிட்டார் என்று எழுதினால் திருத்திவிடுவேன்.

இதுவரை எழுதிவிட்டு மாலையில் கடிதத்தை மறுபடி எடுத்தேன். சிரிப்பு போய்விட்டது. போன மாத வரியை ஏன் பார்த்து எழுத வேண்டும்? தரையில் மாவுக் கோட்டைப் பார்த்தல்லவா எழுதுவீர்கள்? அன்று தரையில் கோடு இருந்ததா, அத்திகே?

கடிதம் கிடைத்த அன்றே பதில் போடுங்கள்.

பிரமீளா

---

ஸ்ரீகிருஷ்ணார்ப்பணம்

கல்யாண்புர
10 அக்டோபர் 1994

சிரஞ்சீவி பிரமீளாவுக்கு ஆசீர்வாதம்.

சுகம். அந்த வரியை அடிக்காதே, திருத்தாதே. நான் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்.

தசரா விடுமுறை எப்போது? பதினைந்தாம் தேதி ஏகாதசி, சனிக்கிழமை.

வாரிஜா

வாசித்தேன். – அம்மா

---

மைசூர்
23 அக்டோபர் 1994

அன்புள்ள அத்திகேக்கு நமஸ்காரம்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? மாத்திரையும் சாப்பாடும் டாக்டர் சொன்னபடி நடக்கிறதா? தினமும் ஒரு கார்டு போடுங்கள், "சரி" என்று மட்டும் எழுதினாலும் போதும்.

இங்கே வந்த பிறகும் அந்தச் சனிக்கிழமை என்னை விடவில்லை. பஸ்ஸில் வரும்போது உங்களுடைய "பதினைந்தாம் தேதி ஏகாதசி" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் வாசலில் பையை வைக்கும்போது மணி மூன்றிருக்கும். அம்மா கூடத்துத் தூணில் சாய்ந்திருந்தார். மழை நாளில் ரவிக்கை முழுக்க வியர்வை. என்னைப் பார்த்து, "யாரு, ருக்மிணியா? உள்ள வா" என்றார். பெற்ற மகளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நாலு வருடம் படித்தேன் அத்திகே. என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். "ஏகாதசிடி, ஏகாதசி" என்று என் கையைத் தட்டிவிட்டார். டம்ளர் உருண்டது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

நீங்கள் உள்ளே போய் தீர்த்தச் சொம்பில் சர்க்கரையைக் கரைத்து, உத்தரணிக் கரண்டியோடு வந்து எதிரே உட்கார்ந்து, "அம்மா, தீர்த்தம்" என்றீர்கள். வாய் திறந்தது. ஒவ்வொரு உத்தரணிக்கும் "கேசவாய", "நாராயணாய" என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அம்மா குழந்தை போல விழுங்கினார். பன்னிரண்டோ பதிமூன்றோ உத்தரணிக்குப் பிறகு என்னைப் பார்த்து, "எப்படி வந்த? சாப்பிட்டியா?" என்றார்.

அன்று டாக்டர் கேட்டபோது அம்மா சொன்னது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "மாத்திரைய விடமாட்டேன்னு மகளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். விடவே இல்லையே! ஒவ்வொரு ஏகாதசிக்கும் தீர்த்தத்தோட போட்டுக்கிட்டேன்." வயிற்றில் ஒன்றுமில்லாமல் மாத்திரையை மட்டும்! அந்தச் சத்தியத்தை வாங்கியது நான்தான். சாப்பாட்டைப் பற்றிப் படிக்கிறவள், சாப்பாட்டுக்குச் சத்தியம் வாங்காமல் மாத்திரைக்கு வாங்கினேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "இனிமே நோயாளிகிட்ட 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டுட்டு நிறுத்தாதே. 'என்னிக்கெல்லாம் சாப்பிட மாட்டீங்க'ன்னும் கேளு" என்றார். ஏகாதசி வரிகளை நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அங்கே இருந்த ஏழு நாளும் கேட்க வாய் வரவில்லை, நீங்களும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் மாத வரியும் பொய்தானா? தெரிந்தும் ஏன் எனக்கு எழுதவில்லை? எனக்குக் கோபமில்லை. இல்லை, கொஞ்சம் இருக்கிறது.

பிரமீளா

---

ஸ்ரீகிருஷ்ணார்ப்பணம்

கல்யாண்புர
15 நவம்பர் 1994

சிரஞ்சீவி பிரமீளாவுக்கு,

வாரிஜாவின் ஆசீர்வாதம். அம்மா நலம், இது நிஜமான நலம். போட்ட கார்டுகள் கிடைத்திருக்கும். பதிலுக்கு மூன்று வாரம் காக்க வைத்ததற்கு மன்னித்துவிடு. சாதுர்மாஸ்யம் முடியட்டும் என்று காத்திருந்தேன். நேற்றோடு முடிந்தது, இன்று துளசிக்குப் பூஜை செய்தோம். அம்மாவிடம் போய், "இப்ப எழுதலாமா?" என்று கேட்டேன். "எழுதிக்கோ, அந்தச் சத்தியத்துலேர்ந்து உன்ன விட்டுட்டேன்" என்றார்.

நடந்தது இது. ருக்மிணியம்மா வந்து போன பிறகு அம்மா ஏகாதசிக்குச் சாப்பிடவே இல்லை. செப்டம்பர் முதல் தேதி நான் ரவையை எடை போட்டு, கோடு போட்டு, இலையில் வைத்தேன். "எடுத்துட்டுப் போ. போன தடவ மாதிரியே எழுதிடு. படிக்கிற பொண்ணு, ஏன் கவலப்படணும்?" என்றார். எழுதினேன். அது என் முதல் பொய்க் கணக்கு. அந்த மாதத்தில் பால் உண்டு, அதனால் பொய் வெளியே தெரியவில்லை.

செப்டம்பர் பதினைந்து ஏகாதசியில் பூஜை அறை வாசலில் விழுந்தார். நெற்றியில் அடி. உன் அண்ணா குந்தாபுரத்தில் கல்யாணச் சமையலுக்குப் போயிருந்தார், திரும்பி வந்தவரிடம் அம்மா வழுக்கிவிட்டது என்றே சொன்னார். விழுந்து எழுந்ததும் அம்மா என்னிடம் கேட்ட முதல் காரியம் தண்ணீர் இல்லை. துளசி மாடத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார். என் கையை எடுத்துத் துளசி மேல் வைத்து, "நான் விழுந்ததப் பத்தியும் சாப்பிடாததப் பத்தியும் பிரமீளாவுக்கு ஒரு எழுத்து எழுத மாட்டேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றார். நெற்றியில் ரத்தத்தோடு நிற்கிறவரிடம் என்ன சொல்வேன்? சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் ஏது? துளசி மேல் வைத்த கையை மீற முடியாது. மீறாமல் இருந்தால் அடுத்த ஏகாதசி என்னவாகும்? அதற்குத்தான் அந்த இருபத்தோரு சுற்று. சுற்றும்போதுதான் தோன்றியது. விழுந்ததை எழுத மாட்டேன் என்றுதானே சொன்னேன்? பாலை எழுத மாட்டேன் என்று சொல்லவில்லையே?

அக்டோபர் முதல் தேதி அம்மா மறுபடி, "போன தடவ மாதிரியே எழுது" என்றார். சொன்னபடி எழுதினேன், ஒரு எழுத்து மாற்றவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டுச் சமையலறைக் கணக்கை எழுதுகிறேன், பிரமீளா. பால் இல்லாத மாதத்தில் ஞாபகப் பிசகாகப் பால் என்று எழுதுவேனா நான்? உன் கண்ணில் படும் என்று எழுதினேன். பட்டது. ஆனால் அந்த ஒன்றாம் தேதி பகல் முழுவதும் நான் அம்மா பக்கத்தில் சர்க்கரை கரைத்த தீர்த்தமும் உத்தரணியுமாக உட்கார்ந்திருந்தது எனக்கும் கிருஷ்ணனுக்கும்தான் தெரியும்.

அம்மாவை ஏமாற்றினேனா, உன்னைக் காப்பாற்றினேனா, சத்தியத்தை மீறினேனா, ஒன்றும் விளங்கவில்லை. பாவமென்றால் என் கணக்கில் இருக்கட்டும். இதோ, சரியான வரிகள். நீக்க வேண்டாம், இவற்றையே போட்டுக்கொள் என்று உன் மேடத்திடம் கேட்டுப் பார்.

"1 செப்டம்பர், ஏகாதசி. அம்மா: தீர்த்தம் மூன்று உத்தரணி, மாத்திரை ஒன்று."
"1 அக்டோபர், ஏகாதசி. அம்மா: தீர்த்தம் மூன்று உத்தரணி, மாத்திரை ஒன்று."

நான்காம் மாத வாரக் கணக்கும் இதில் இருக்கிறது. அக்டோபர் முப்பதும் நேற்றும் ஏகாதசி. அவற்றை நான் எழுதவில்லை. அம்மா தானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

உன் கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தால் வைத்துக்கொள், நேரில் வந்து தீர்த்துக்கொள்ளலாம்.

வாரிஜா

வாசித்தேன்.

30 அக்டோபர், ஏகாதசி. பால் 200 மில்லி. ரவை 40 கிராம். டாக்டர் சொன்னபடி அன்று மாத்திரை இல்லை.
14 நவம்பர், ஏகாதசி. அதே போல. ருக்மிணி வந்தாள். அவளுக்கும் அரை டம்ளர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள்.

பிரமீளா, இவள் என்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்து இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதையும் உன் கணக்கில் எழுது. நான் முப்பத்தாறு சாதுர்மாஸ்யம் பார்த்தவள். எந்த மாதத்தில் என்ன கிடையாது என்று எனக்குத் தெரியாதா? அந்த மூன்றாம் தேதிக் கடிதத்தைத் தபாலில் போடும் முன் நான்தான் வாசித்தேன். பால் என்று இருந்ததைப் பார்த்தேன். பேனா பக்கத்திலேயே இருந்தது. அடிக்கத் தோன்றவில்லை.

– அம்மா